குட்டைக் கம்பி

புதுவயலில், அரிசி ஆலைக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்தி நின்றது.
நாச்சியப்பன் பாயை உருவியதும்
தவிடு பறந்து என் கண்ணில் விழ,
கசக்கியபடியேதான் முதலில் பார்த்தேன் அதை:
பதினோரு வருடத்துப் பொலேரோ.
வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொன்னது.

கியர் ராடுக்குப் பக்கத்தில்
இன்னொரு குட்டைக் கம்பி.
"நாலு சக்கரமும் இழுக்கும்மா" என்றார்.
சொன்னது என்னிடம்,
கேட்டது அருளப்பன்.
கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கும் மனிதர்
அந்தக் கம்பியைத் தொடத் தயங்கினார்.

நான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு,
உரசாமல் எதையும் நம்பாத கை.
ஐந்தே கால் லட்சம்.
ஆல்டோவைத் தள்ளிவிட்டாலும் நாலுக்குக் குறையாது.
லிட்டருக்குப் பத்து, அதுவும் நாச்சியப்பன் வாய்ப் பத்து.
எங்கள் சந்துக் கதவு ஆறடி.
காலையிலேயே டேப் பிடித்துவிட்டேன்,
கண்ணாடியை மடக்கினால் நுழையும்.

இந்தச் சீமையில் மலை எங்கே?
குன்றக்குடிக்குப் படிக்கட்டு இருக்கிறது.
மற்றதெல்லாம் கருவேலங்காடு,
தண்ணீர் மறந்த கண்மாய்,
ஸ்கேல் வைத்துக் கிழித்த தார்ரோடு.
எதற்கு நாலும் இழுக்க வேண்டும்?

கேட்கவில்லை.
பதில் பின்சீட்டில் உட்கார்ந்து
செருப்புக் காலால் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
ஆறு வயது. பெயர் செலின்.

அந்த ஐப்பசிக் கடைசியில்
தரைப்பாலத்துக்கு அப்பால் ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றியது,
இப்பால் எங்கள் ஆல்டோ.
நடுவில், இடுப்பளவு இருக்கும் என்று
இருட்டில் நான் நினைத்துக்கொண்ட விருசுழியாறு.
இறங்கி ஆழம் பார்த்து வந்தார்.
மறுபடி இறங்கினார், வந்தார்.
மூன்றாம் முறை திரும்பியபோது
காருக்குள் நாங்கள் இரண்டு பேர்.

அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.
சீட் உறை மட்டும் மாற்றினோம்.

மெக்கானிக் சிக்கந்தர் அடியில் போனவர்
வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது புருவத்தில் செம்மண்,
உள்ளங்கையில் ஒற்றை நெல்.
"சேசிஸ் சுத்தம். ஆனா அந்தக் கம்பிய
இவுக ஒரு நாளும் தொட்டதில்ல."
"தேவைப்படலயே" என்றார் நாச்சியப்பன்,
கடன் தவணை தவறியவர் மாதிரி.

கண்மாய்க்குள் இறக்கினோம்.
கம்பி அசையவில்லை.
இரண்டு கையும் போட்டு இழுத்தார், வியர்த்தார்.
"கட்டாயப்படுத்தாதீக.
கொஞ்சம் பின்னுக்கு உருட்டிப் போடுங்க."
உருட்டினார். அடியில் எங்கோ
பல்லோடு பல் பொருந்தியது.
காதில் அல்ல, உள்ளங்காலில் கேட்டது எனக்கு.
வெடித்துக் கிடந்த கரம்பை மேட்டில்
நடக்கும் வேகத்தில் ஏறினோம்.
"தண்ணி எங்கப்பா?" என்றாள் செலின்.
அவர் முன்கண்ணாடியையே பார்த்திருந்தார்.

"மாசம் ஒருக்க பத்தடியாச்சும் போட்டு ஓட்டணும்" சிக்கந்தர் சொன்னார்,
"சும்மா வச்சிருந்தா
வேணுங்கிற அன்னிக்கு விழாது."

நாலு அறுபது என்றேன்.
அருளப்பன் திடுக்கிட்டுப் பார்த்தார்.
நாச்சியப்பன் சிரிக்காமல்
பாயை மறுபடி போர்த்தினார்.
மூலை மூலையாக, செங்கல் வைத்து.
"வீட்ல கேட்டுட்டு போன் பண்றேன்."

ஆல்டோவில் திரும்பினோம்.
தரைப்பாலம் வந்ததும்
வழக்கம்போல் இரண்டாம் கியருக்கு வந்தார்.
கீழே மணலில் ஆடுகள்.
"அன்னிக்கு எவ்வளவு ஆழம் இருந்துச்சு?"
ஆறு வருடத்தில் முதல்முறை கேட்டேன்.

வண்டியை ஓரங்கட்டினார்.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
மெதுவாகக் கொண்டுபோய்
கழுத்தில் வைத்துக் காட்டினார்.

போன் அடித்தது. நாச்சியப்பன்.
பின்னாலிருந்து செலின், "எடுங்கப்பா" என்றாள்.
அந்தக் கை
கழுத்திலேயே இருந்தது.